இயந்திரத்தின் விடுமுறை

மாணவர்க்கு விடுமுறை மகிழ்ச்சி தருவது. இயந்திரத்திற்கும் விடுமுறை உண்டு. ஆனால் அவ்விடுமுறையே அதற்குப் பகையாய் முடிதலும் உண்டு. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலோம். எமது தோட்டத்திலே நட்டப்பட்டுக் கற்றோம்.

கொங்குநாட்டு உழவர்க்கு நீரிறைப்பே உயிர்நிலை. ஆழ்ந்த கிணறுகளில் எருது பூட்டிக் கவலை இறைத்தவர் நம் முன்னோர். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்சாரம் இப்பக்கம் பரவிற்று. 1937-இல் கோவையிலேயே மின்மோட்டாரும் செய்யப்பட்டது. ஆயினும் மின்கம்பி எட்டாத கடைக்கோடி நிலத்திற்குப் பெட்ரோலில் ஓடும் சிறு பம்பு எஞ்சினே துணை. அவிநாசிப் பக்கத்திலுள்ள எமது தோட்டத்திலும் அத்தகையது ஒன்று இருந்தது.

ஐப்பசியில் மழை தொடங்கவே எஞ்சினுக்கு வேலை ஒழிந்தது. அதனைச் செவ்வையாக எடுத்து வைக்குமாறு எம் தந்தையார் பணித்தார். யாமோ, மழையில் நனையாதிருந்தாற் போதுமென்று கருதி, பெட்ரோலையும் வடிக்காமல், உரமூட்டை அடுக்கிய சாளையின் மண்தரையில் அதனைத் தள்ளிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினோம்.

மாசி பிறந்தது. சின்ன வெங்காயம் திரளும் வேளை. கயிற்றை இழுத்தோம், எஞ்சின் அசையவில்லை. மேஸ்திரி வந்து கழற்றினார். தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருந்தது. துருவேறிய சிலிண்டர் பிஸ்டனின் வளையங்களைப் பற்றிக்கொண்டிருந்தது. அவர் எம்மை நோக்கி, “ஓடிக் கெட்ட எஞ்சின் கொஞ்சமுங்க தம்பி, சும்மா நின்னு கெட்டதுதான் அதிகமுங்க” என்றார். பழுது தீரப் பத்து நாள் சென்றது. அரை ஏக்கர் வெங்காயம் அதுவரை காத்திருக்கவில்லை. தந்தையார் எம்மை ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அம்மேஸ்திரியிடம் யாம் கற்ற முறை இது. முதலில் பெட்ரோல் தொட்டியை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரையும் வெறுமையாக்க வேண்டும். சூடு ஆறுமுன் பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். கரிந்த எண்ணெயிலுள்ள புளிப்பு உலோகத்தை அரிக்கும். பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்தால், சிலிண்டர் எங்கும் எண்ணெய் படியும். பிளக்கைத் திரும்பப் பூட்டியபின், பம்பின் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மண்தரையில் வையாமல் பலகைமேல் வைத்து, காற்றோட்டமுள்ள துணியால் மூட வேண்டும். உரமூட்டையின் அருகே வைத்தலாகாது. அதன் உப்பு ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும்.

குளிர்நாடுகளில் படகு மோட்டார் வைத்திருப்போரும் பனிக்காலத்திற்குமுன் ஏறக்குறைய இவ்வாறே செய்கின்றனர். அங்கே உள்ளே தங்கிய நீர் உறையுங்கால் நூற்றுக்கு 9 பங்கு அளவிற் பெருத்து இரும்பையே பிளந்துவிடும். அங்கே பனி ஓரிரவிற் செய்வதை இங்கே துரு மூன்று திங்களிற் செய்கின்றது, வேற்றுமை அவ்வளவே.

அடுத்த ஆண்டு அம்முறைப்படியே எடுத்து வைத்தோம். மாசியில் தந்தையார் தாமே கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுப்பில் எஞ்சின் கிளம்பிற்று. அப்போதும் அவர் ஒன்றும் கூறிற்றிலர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கச் சென்றார். எமக்கு அது போதுமாயிருந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் தோட்டத்துச் சாளையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கும் ஓர் எஞ்சின் சும்மா நின்றுகொண்டிருக்கலாம்.