முதல் ஒயில்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பருத்தித்துறைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முன்னர் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் புத்தம்புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து என் அருகே நிறுத்தினான். பெற்றோல் தாங்கியின்மேல் சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின், இத்தகைய பொட்டு வைத்த வண்டிகளை நம் தெருக்களில் அடிக்கடி காண முடிகிறது. வண்டியைச் சுற்றிவந்து பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சேர், முதல் ஒயில் எப்ப மாத்த வேணும்? கடையில ஒண்டு சொல்லுறாங்கள், பெடியள் ஒண்டு சொல்லுறாங்கள்" என்றான்.

"கைநூல் எங்கே?" என்று கேட்டேன்.

"வீட்டில கிடக்கு சேர். கவர் உடைக்கேல்லை."

இந்த மறுமொழியைக் கேட்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. அவன் கண்டிருக்க மாட்டான். கவர் உடைக்காத புத்தகம் ஒன்று எங்கள் குடும்பத்துக்குச் செய்துவிட்ட தீங்கை நான் மறக்கவில்லை. தீங்கைச் செய்தது புத்தகமன்று, நானே. அதை இன்று வெளிப்படையாக எழுதிவிடுவது நன்று என்று தோன்றுகிறது.

2017ஆம் ஆண்டு என் தங்கையின் கணவர் லீசிங் முறையில் ஒரு புதிய முச்சக்கர வண்டி எடுத்தார். அதற்கு முன் அவர் பிறருடைய வண்டியை வாடகைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர். நாள் முழுவதும் ஓடி, வாடகையும் பெற்றோலும் போக மிஞ்சுவது சொற்பம். சொந்த வண்டி என்பது அவருக்கு எத்தகைய கனவாய் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வல்லிபுர ஆழ்வார் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை செய்தோம். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். தங்கை என் மருமக்கள் இருவரையும் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தாள்.

அன்றிரவு மைத்துனர் என்னிடம் வந்தார். "அண்ணை, ஒயில் எப்ப மாத்திறது? புத்தகம் இங்கிலிசில கிடக்கு. எடுத்துக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டார்.

நான் சொன்ன விடை இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "வேண்டாம், எனக்குத் தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும்? அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் சக ஆசிரியர் ஒருவர் ஜப்பானியக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அவருடைய கைநூலை ஓய்வு நேரத்தில் புரட்டிப் பார்த்திருந்தேன். தொழிற்சாலையில் நிரப்பிய ஒயிலை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், குறித்த தவணை வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று அதிலே கண்டிருந்தது. அது எனக்குப் புதுமையாக இருந்தது. புதுமையான ஒன்றைப் படித்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாதது எங்கள் தொழிலுக்குரிய நோய். "இந்தக் காலத்து எஞ்சினுக்கு முதல் ஒயிலை அவசரப்பட்டு மாற்றுவது பழைய பழக்கம். பத்தாயிரம் கிலோ மீற்றர் வரை பேசாமல் ஓடுங்கள்" என்று தீர்ப்பளித்தேன். சாய்மனைக் கதிரையில் இருந்த என் தந்தையார், "ஐந்நூறு மைலில மாத்திறதுதான் முறை" என்று மெல்லச் சொன்னார். நான் சிரித்தேன். மைத்துனரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். பட்டதாரி சொல்லும்போது அவர் வேறென்ன செய்வார்?

தந்தையார் சொன்ன ஐந்நூறு மைலுக்கு ஒரு வரலாறு உண்டு. என் அப்பப்பா 1958இல் ஒரு மொறிஸ் மைனர் கார் வாங்கினார். அக்காலத்தில் புதுக் கார் வாங்கியவர் அதைக் குழந்தைபோல் பழக்கியெடுக்க வேண்டும். முதல் ஐந்நூறு மைல் வரை விரட்டிச் செலுத்தலாகாது. இங்கிலாந்திலே புதுக் காரின் பின்கண்ணாடியில், "பழகுகிறது, முந்திச் செல்க" என்னும் கருத்தில் ஓர் அறிவித்தலே ஒட்டிக்கொண்டு திரிவார்களாம். ஐந்நூறாவது மைலில் ஒயிலை முற்றாக வடித்துவிட்டுப் புதிதாக வார்ப்பது அந்தச் சடங்கின் முடிவு. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஏறக்குறைய 20 மைல். அப்பப்பா போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் மைலைக் குறித்துவந்தார். அந்தக் கொப்பி எங்கள் வீட்டில் நெடுநாள் கிடந்தது.

அதே கார் தொண்ணூறுகளின் முற்பகுதியில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை வார்த்து எஞ்சினை முழக்குவதும், அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும் அக்காலத்தில் எல்லார்க்கும் தெரிந்த வித்தை. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் முற்றாக ஆவியாகி எரிவதில்லை. எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களுக்கிடையே கசிந்து கீழே ஒயிலோடு கலந்துவிடும். ஆகையால் நாளாக நாளாகக் குறைய வேண்டிய ஒயில் மட்டம் எங்கள் காரில் ஏறிக்கொண்டே போகும்! தந்தையார் அளவுகோலை உருவி மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். நான் ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது. "ஒயில் மெலிஞ்சு போச்சு" என்று அவர் சொல்லும்போது, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சொல்வதுபோல் இருக்கும். மாற்றுவதற்கு நல்ல ஒயில் கிடைப்பதே அரிதான காலம். கிடைத்ததைச் சேமித்து வைத்து அந்த எஞ்சினைக் காப்பாற்றியவர் அவர். அத்தகையவர் சொன்ன சொல்லைத்தான் நான் சிரித்துத் தள்ளினேன்.

மைத்துனருடைய வண்டி நாளொன்றுக்கு அறுபது, எழுபது கிலோ மீற்றர் ஓடியது. மந்திகை வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றுவார், நெல்லியடிக்குச் சாமான் கொண்டுபோவார், மாதத்தில் சில நாள் யாழ்ப்பாணத்துக்கும் ஓட்டம் கிடைக்கும். நாலாவது மாதம், மீற்றர் ஏழாயிரத்தைத் தாண்டியிருந்த வேளையில், வல்லை வெளியின் நட்டநடுவே எஞ்சினில் இரும்பை இரும்பு தட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. ஏற்றிச்சென்றவர்களை 750ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெயிலில் ஒரு மரநிழல்கூட இல்லாத அந்த வெளியிலிருந்து எனக்குத் தொலைபேசியில் அழைப்பு எடுத்தார்.

நெல்லியடிப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கட்டியிழுத்துச் சென்றோம். அவர் கீழே தட்டை வைத்து நட்டைக் கழற்றினார். வர வேண்டிய அளவில் பாதிகூட வரவில்லை. வந்ததும் தண்ணீர்போல் மெலிந்து கறுத்திருந்தது. அதில் கொஞ்சத்தை அவர் உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் சரித்துக் காட்டினார். கறுப்புக்குள்ளே வெள்ளி மணல்போல மினுமினுத்தது.

"மாஸ்ரர், புத்தகம் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மைத்துனரையன்று. கேள்வி நேரே என்னிடம் வந்தது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆசனத்தைத் தூக்கினோம். பூசைக்கு வைத்த பூவின் சருகோடு, உறை பிரிக்காத கைநூல் அப்படியே கிடந்தது. முதல் சேவையும் ஒயில் மாற்றமும் 500 முதல் 750 கிலோ மீற்றருக்குள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. உரிய நேரத்தில் சேவை செய்யாவிடின் உத்தரவாதம் செல்லாது என்று அதற்குக் கீழே இருந்தது. இலவச சேவைக்கான துண்டும் கிழிக்கப்படாமல் இருந்தது.

பின்னர் அந்த முதியவர் எனக்கு ஒரு வகுப்பு எடுத்தார். நான் கற்பித்த எந்த வகுப்பிலும் அவ்வளவு கவனமான மாணவன் இருந்ததில்லை. புதிய எஞ்சினின் உட்புறம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தோன்றினாலும் நுண்மையாகப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். சிலிண்டர்ச் சுவரில் ஒயில் தங்குவதற்காகக் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகளையே வேண்டுமென்று கீறி வைக்கிறார்கள். பிஸ்ரன் வளையங்கள் அச்சுவரோடு உராய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ளும் முதற் சில நூறு கிலோ மீற்றரில் மேடுகள் தேய்கின்றன. தேய்ந்த துகள் ஒயிலில் சேர்கிறது. இது எல்லா எஞ்சினுக்கும் பொது.

வேறுபாடு அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இக்காலத்துக் காரில் மூன்று லீற்றரோ அதற்கு மேலோ ஒயில் இருக்கும். துகளைப் பிடிக்க நல்ல பில்ரர் உண்டு. கியர்ப் பெட்டிக்கு வேறு ஒயில். பாகங்களும் மிக நுண்மையாகக் கடையப்பட்டுக் கழுவித் துப்புரவாக்கப்பட்டே பொருத்தப்படுகின்றன. எனவேதான் பல கார்களுக்கு முதல் மாற்றத்தை நெடுந்தூரம் தள்ளிப்போட முடிகிறது. ஹொண்டாக் கார்க் கைநூல்கள் சிலவற்றில், தவணைக்கு முன் மாற்றாதீர்கள் என்றே காணப்படுகிறது. மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் நிலைமை வேறு. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரு லீற்றர். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஒரு லீற்றரே எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் உழைக்க வேண்டும். மூன்று இடத்துத் தேய்மானமும் அதற்குள்ளேயே வந்து விழும். சில வண்டிகளில் வடிகட்ட ஒரு கம்பிவலைதான் உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் கழுவ வேண்டியதை ஒரு செம்புத் தண்ணீரில் கழுவுவதற்கு ஒப்பானது இது. செம்புத் தண்ணீர் விரைவில் கலங்கிவிடும்.

ஆகவே கைநூல் சொன்னது காருக்குச் சரி, தந்தையார் சொன்னது மொறிஸ் மைனருக்குச் சரி. முச்சக்கர வண்டிக்கு எது சரி என்று சொல்லக்கூடியது ஆசனத்தின் கீழே கிடந்தது. அதை வாசித்துச் சொல்லத்தான் மைத்துனர் என்னை நாடி வந்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக.

திருத்த வேலைக்குப் பதினாறு நாள் பிடித்தது. லீசிங் தவணை எவருக்காகவும் காத்திருப்பதில்லை. செலவில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். மீதிக்குத் தங்கை தன் சோடிக் காப்பை அடைவு வைத்தாள் என்பதைப் பின்னர் தாயார் மூலம் அறிந்தேன். தங்கை அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அவள் வெறுங்கையோடு வந்து எனக்குப் பலகாரம் பரிமாறினாள். மைத்துனரோ, "நீங்கள் என்ன செய்வியள் அண்ணை, என்ர தலையெழுத்து" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

காப்பு அடுத்த ஆண்டு மீண்டது. வண்டி இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் திகதியையும் கிலோ மீற்றரையும் அவர் ஒரு கொப்பியில் குறித்துவைக்கிறார். அந்தக் கொப்பியை அவருக்குக் கொடுத்தவர் என் தந்தையார்.

இடையிலே ஒன்று சொல்ல வேண்டும். ஒயில் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை, காலத்தாலும் கெடுகிறது. என்னைப்போல் இரண்டு கிலோ மீற்றரில் பாடசாலைக்குப் போய் இரண்டு கிலோ மீற்றரில் திரும்புபவரின் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதே இல்லை. ஈரமும் எரியாத எரிபொருளும் உள்ளேயே தங்கிவிடும். கைநூல்களில் கிலோ மீற்றரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பது இதனாலேயே. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தவணை. நிறம் கறுத்ததைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கவும் கூடாது. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல ஒயிலின் வேலை, கறுப்பது அதற்கு இயல்பு.

வடித்த ஒயிலை வேலியோரத்தில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக் கற்பாறைக்குள் தங்கும் மழைநீரையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அப்பாறையோ வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை நாம் அறிவோம். ஆகையால் கழிவு ஒயிலை ஒரு கலனில் பிடித்துக் கராஜிலே ஒப்படைப்பதுதான் நல்லது. கறையானுக்குப் பூசவென்று கேட்டு வாங்கிச் செல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வழக்காட வரவில்லை.

சந்தை வாசலில் நின்ற மாணவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா, நான் இங்கேயே நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். தேநீர்க் கடை வாங்கில் இருவரும் அமர்ந்து உறையைப் பிரித்தோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையில் விரலை வைத்து வரிவரியாக வாசித்தேன். முதல் மாற்றத்துக்குரிய தூரத்தைக் கண்டதும், அவன் எழுந்துபோய் மீற்றரைக் குனிந்து பார்த்தான்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு, சேர்."

"கராஜ் ஆறு மணி வரை திறந்திருக்கும்" என்றேன்.