லாயக்கு

"காபிப் பழம் பறிக்கத்தான் நீ லாயக்கு." ஏற்காட்டில் நான் படித்த பள்ளியில், கணக்குத் தப்பினால் பெண்பிள்ளைகளுக்கு விழும் வசவு இது. (பையன்களை மாடு மேய்க்க அனுப்புவார்கள்.) வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் எஸ்டேட்டில் பழம் எடுப்பவர்கள். என் அம்மாவும்தான்.

பிரம்படி என்றால் தழும்பைக் காட்டலாம். இந்தச் சொல்லை வீட்டுக்கு எப்படி எடுத்துப்போவது? மார்கழிக் குளிரில் நாளெல்லாம் நின்று பறித்துவிட்டு வந்தவளிடம், "உன்னைப் போல ஆகிவிடுவேன் என்று திட்டினார்கள்" என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. கை தூக்குவதை நிறுத்தினேன். விடை தெரிந்த நாளிலும் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். கரும்பலகைக்கு அழைத்தால் ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோகும்.

அம்மாவோ பச்சைக்காய் சேராமல் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்பாள். வாரக் கூலி போடும்போது ஒரு கிலோ குறைந்திருந்தாலும் மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவாள். அதுவும் கணக்குதான் என்று பள்ளியில் யாரும் சொன்னதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. நல்ல சட்டம். ஆனால் புகார் சொல்லக் குழந்தை வாய் திறக்க வேண்டுமே. அம்மாவின் பிழைப்பையே வசவாக்கும்போது அந்த வாய்தான் முதலில் அடைபடுகிறது.

போன வருஷம் அண்ணன் மகளுக்கும் இதே வசவு. அவள் நேரே பாட்டியிடம் போய் ஒப்பித்துவிட்டாள். அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்: "அந்த டீச்சரம்மா ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்குமாம்?"