ளாத்: கொப்பியில் கிடந்தவை

நானுஓயா ஸ்டேசன் பெயர்ப்பலகையில் மூன்று எழுத்து. இந்த அறுபத்திரண்டு வயதில் எனக்கு நாலாவது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை. பஸாரில் சாமான் கடை வைத்திருக்கும் நானா, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் சொல்லித் தருகிறார். அரபு எழுத்து 28. பதினாலு எழுத்துவரை தொல்லையில்லை. பதினைந்தாவது இந்த ளாத். மூன்று வாரமாகிறது.

*

எழுதுவது: வலமிருந்து இடம். முட்டையைப் படுக்க வைத்தது போல ஒரு கண். கண் முடியும் இடத்தில் குட்டியாக ஒரு பல். பிறகு கோட்டுக்குக் கீழே இறங்கி ஏறும் கிண்ணம். கண்ணுக்கு மேலே ஒரு புள்ளி. புள்ளியை மறந்தால் அது ஸாத் ஆகிவிடும். சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் கிண்ணம் கழன்றுவிடும், கண்ணும் பல்லும் புள்ளியும்தான் மிஞ்சும். நான் ஒவ்வொரு தரமும் பல்லை விட்டுவிடுகிறேன். நானா தன் பேனையால் முளைக்க வைக்கிறார்.

“எழுதுறது லேசு மாஸ்டர். வாய்தான் வராது.”

*

வரவில்லை. ‘த’வைத் தடிப்பாக்கிப் பார்த்தேன், ‘ட’ ஆனது. “நாக்கு நுனிய மறந்துருங்க. ஓரத்தக் கொண்டுபோய்க் கடவாப் பல்லுல சாய்ங்க” என்றார். சாய்த்தேன். சூடான பிளேன்டீயில் வெந்த இடம் அதே ஓரம்தான். கண்ணில் தண்ணீர் வந்ததும், சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

*

ஓதப் பள்ளியில் நானா கற்றது, எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் இருந்த சீபவைஹி எழுதிவைத்த அதே இடம். நாக்கின் ஓரமும் அதையடுத்த கடைவாய்ப் பற்களும். அரபு இலக்கணத்தின் பெரிய நூலை எழுதிய அந்த ஆள் பாரசீகர். வெளியிலிருந்து வந்த காதுக்குத்தான் இவ்வளவு நுணுக்கம் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். அரபியர் தம் மொழியையே ‘ளாதின் மொழி’ என்று பெருமையடிப்பார்கள், நாம் ழகரத்தை வைத்து அடிப்பது மாதிரி.

*

அதனால்தான் வேடிக்கை. இலங்கைப் பத்திரிகைகளில் ரமழான், வுழூ. அவர்களுடைய பெருமை எழுத்துக்கு நம்முடைய பெருமை எழுத்து! தமிழ்நாட்டில் ரமலான், ரமளான், உருது வழியாக வந்த ரம்ஜான். ஒரே மாதம், ஒரே பிறை.

எது சரி? நேற்று இரவு தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பார்த்தேன். ழகரம் நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவிப் பிறப்பது. லகர, ளகரங்களுக்குத்தான் நா விளிம்பு வருகிறது. விளிம்பு! சீபவைஹி சொன்ன ஓரம். அவர் கடைவாய்ப் பல் என்கிறார், இவர் முன்பல்லின் அடியும் அண்ணமும் என்கிறார்; அது வேறு. ஆனால் கிட்டத்தில் வருவது ளகரம்தான். என் தீர்ப்பு: ரமளான்.

நானாவிடம் சொன்னேன். “ழானா போட்டாலும் நாங்க ளானாதானே சொல்றோம்” என்றார். தோட்டத்துக் கதையும் அதுதான். நாற்பது வருசம் பிள்ளைகளுக்கு ‘மழை’ சொல்லிக் கொடுத்தேன். எனக்கே வீட்டில் ‘மள’தான்.

*

அரபுத் தமிழ் எழுதிய பழைய ஆட்களும் இந்த உறவைக் கண்டிருக்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது நம் ள, ழ ஓசைக்கு ளாதின் உருவத்தையே எடுத்து, அடியில் இன்னொரு புள்ளி வைத்துக்கொண்டார்கள்.

ஸ்பெயின்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். ‘அல்காளி’, அதாவது நீதிபதி, அவர்கள் வாயில் ‘அல்கால்தே’ ஆகி இன்று நகரத் தலைவரைக் குறிக்கிறது. நடுவில் இருக்கும் அந்த ‘ல்’ எங்கிருந்து வந்தது? ஓரத்தில் வழிந்த பழைய ளாதிலிருந்து.

*

பக்கத்து லயத்து அக்கா ரியாத்தில் பதினொரு வருசம் வீட்டு வேலை செய்தவர். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் “ளாத்” என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்புடி யாரும் பேசுறதில்ல தம்பி. முட்டைக்கு என்னா? பேத்!”

கடைசி ‘த்’தில் நாக்கை இரண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவே நீட்டி, தொண்டையைக் கனமாக்கினார். ரியாத்துக்கும் அதே கடைசி ஒலி. காய்கறிக்கு, வெள்ளை நிறத்துக்கு, புளிப்புக்குச் சொல்லும் சொற்களிலும் அதே நாக்கு. எல்லாம் குசினியில் காதால் பிடித்தது. வளைகுடாப் பக்கத்துப் பேச்சில் ளாதும் பதினேழாவது எழுத்தும் ஒன்றாகிவிட்டன. எகிப்துக்காரர் வாயிலோ அது கனத்த ‘ட’. அப்படியானால் முதல் நாள் நான் சொன்னதும் எங்கோ ஓர் ஊரில் செல்லும்.

நானா இதை ஒப்பவில்லை. “பேச்சு வேற, ஓத்து வேற.” அல்-ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லில் ளாதும் லாமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டையும் ‘ல’ ஆக்கினால் அவருக்கு முகம் சுருங்குகிறது.

*

சனி. மழை. கடையில் ஆளில்லை. ‘ரமளான்’ முழுதாக எழுதினேன்: ரே தனியாக நிற்க, மீமோடு ளாத், ளாதோடு அலிப், கடைசியில் நூன். பல் இருந்தது. நானா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த எழுத்தைப் போட்டார். தோ. அதே கண், மேலே நட்டுவைத்த ஒரு கம்பு. பல் கிடையாது.