ஐகன் வேல்யூன்னா என்ன அக்கா?

ஒரு உண்மையைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். ரெண்டாவது செமஸ்டர் மேத்ஸ்ல எனக்கு அரியர். அதே நான்தான் வர்ற பிப்ரவரியில கேட் எழுதப் போறேன். "இவ நமக்கு மேத்ஸ் படிக்கச் சொல்லித்தர வந்துட்டாளா?"ன்னு சிரிப்பு வருதா? சிரிச்சுட்டே படிங்க.

கேட்ல மொத்தம் 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். பெரும்பாலான இன்ஜினியரிங் பேப்பர்கள்ல மேத்ஸுக்கு மட்டும் 13 மார்க். எனக்கு அந்த 13 ரொம்ப முக்கியம். கேட் ஸ்கோரோட எம்.டெக் சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். வீட்ல கேக்காம படிச்சிடலாம். எங்க வீட்ல இனிமே கேக்க முடியாது. கொரோனா வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியாம, என்னை மட்டும் இங்கிலீஷ் மீடியத்துலயே விட்டுட்டு, தம்பியை அரசுப் பள்ளிக்கு மாத்தினாங்க. அவன் இப்போ பன்னிரண்டாவது, தமிழ் மீடியம்.

ஜூன் மாசம் படிக்க ஆரம்பிச்சேன். அதாவது, வீடியோ பார்க்க ஆரம்பிச்சேன். ஒன்றரை மடங்கு வேகத்துல ஒரு நாளைக்கு நாலு வீடியோ. சார் போர்டுல போடப் போட எல்லாமே புரிஞ்சது. ஒரு மாசத்துல லீனியர் அல்ஜீப்ரா முடிச்சாச்சுன்னு காலண்டர்ல டிக் அடிச்சேன். அப்புறம் முதல் மாக் டெஸ்ட். மேத்ஸ்ல 13க்கு 3.

அன்னைக்கு ராத்திரி தம்பி என் நோட்டை எட்டிப் பார்த்தான். "இது அணிதானே? எனக்கும் முதல் பாடமே அதுதான். ஐகன் வேல்யூன்னா என்ன அக்கா?"

நான் லாம்டா, டிடர்மினன்ட், ஈக்குவல் டு ஜீரோன்னு ஆரம்பிச்சேன். "அது கண்டுபிடிக்கிற வழி. அது என்னன்னு கேட்டேன்"னான். எனக்குப் பதில் தெரியலை. தமிழ்ல சொல்ல வரலைன்னு முதல்ல நினைச்சேன். யோசிச்சுப் பார்த்தா இங்கிலீஷ்லயும் என்கிட்ட பதில் இல்லை.

மறுநாள் ஒரே ஒரு அணியை எடுத்தேன். முதல் வரிசை 4, 1. ரெண்டாவது வரிசை 2, 3. அதை (1, 1)ங்கிற வெக்டாரோட பெருக்கினா (5, 5) வருது. திசை மாறலை, நீளம் மட்டும் 5 மடங்கு. (1, −2)ஐப் பெருக்கினா (2, −4). இங்கயும் அதே கோடு, 2 மடங்கு. அந்த 5ம் 2ம்தான் ஐகன் வேல்யூ. கூட்டினா 7, மூலைவிட்டத்துல இருக்கிற 4ஐயும் 3ஐயும் கூட்டினாலும் 7. பெருக்கினா 10, அதுதான் டிடர்மினன்ட். இதை தம்பிக்குச் சொன்னப்போ அவன் தலையாட்டினான். எனக்கும் அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அதுக்கப்புறம் சில பழக்கங்களைப் பிடிச்சுக்கிட்டேன்.

காலையில அஞ்சரையிலிருந்து ஆறேகால் வரைக்கும் மேத்ஸ் மட்டும். முக்கால் மணி நேரம்தான், ஆனா தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஞாயிறுக்குள்ள பாதி மறந்துபோச்சு.

வீடியோவுல கணக்கு வந்ததும் நிறுத்திடுவேன். பத்து நிமிஷம் நானே போடுவேன். வரலைன்னாலும் பரவாயில்லை. எங்க மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சுட்டுப் பார்த்தா, சார் சொல்ற அந்த ஒரு வரி மனசுல நிக்கும்.

ஆப்ஷனைக் கையால மறைச்சுட்டுத்தான் போடுவேன். நியூமெரிக்கல் கேள்வியில ஆப்ஷனே கிடையாது, விடையை நாமதான் டைப் பண்ணணும். ஆனா அதுல நெகட்டிவ் மார்க்கும் இல்லை. ஆப்ஷன்ல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியில தப்பு பண்ணினா மூணுல ஒரு பங்கு போயிடும்.

என் செல்ல கால்குலேட்டரை அலமாரியில வெச்சுட்டேன். தேர்வு ஹால்ல அதை விடமாட்டாங்க. ஸ்க்ரீன்ல வர்ற கால்குலேட்டரை மவுஸால தட்டணும். அது எவ்வளவு மெதுவுன்னு இப்பவே பழகிக்கோங்க.

கடைசியா, தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் "நான் என்ன நினைச்சேன்"ன்னு ஒரு வரி. "கவனக்குறைவு"ன்னு மட்டும் எழுதக்கூடாதுங்கிறது எனக்கு நானே போட்ட சட்டம். ஒரு மாசம் கழிச்சுப் புரட்டினா, நான் பயந்துட்டு இருந்த டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ல தப்பு கம்மி. மைனஸ் குறியைத் தொலைக்கிறதும், ப்ராபபிலிட்டி கேள்வியை அவசரமா படிக்கிறதும்தான் மார்க்கைத் தின்னுட்டு இருந்துச்சு.

போன வாரம் மாக் டெஸ்ட்ல 13க்கு 8. இன்னும் பெருமைப்படுற மார்க் இல்லை. ஆனா அந்த 8ல ஒண்ணுகூட குத்துமதிப்பா வந்ததில்லை.

இப்போ ராத்திரியில நானும் தம்பியும் ஒரே மேஜையில உட்கார்றோம். நான் "மேட்ரிக்ஸ்"னு சொன்னா அவன் "அணி"ன்னு திருத்துவான். அவனுக்கு மார்ச்ல பொதுத்தேர்வு.

இன்னைக்கு ஒரு கணக்கு எடுங்க. போட்டு முடிச்சதும் நோட்டை மூடிட்டு, வீட்லயோ ஹாஸ்டல்லயோ யாருக்காவது தமிழ்ல சொல்லிப் பாருங்க. எங்க திக்குறீங்களோ, அங்கதான் நாளைக்குக் காலையில ஆரம்பிக்கணும். ரிசல்ட் வந்ததும் என் மார்க்கை இதே இதழ்ல எழுதுறேன், எவ்வளவு வந்தாலும்.