கிணற்றுக்குள் ஒன்றரை நொடி

சேலையூரில் எங்கள் வீட்டுக் கிணற்றில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் 11 மீட்டர் கீழே போய்விடும். ஆழத்தை வாளிக் கயிறு சொல்லும்: சுவர் விளிம்பில் முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து, டேப் வைத்து அளப்போம். பிறகு ஒரு கூழாங்கல்லைக் கைநழுவ விடுவேன். ‘தொளக்’ என்ற சத்தம் மேலே வர ஒன்றரை நொடி. ஆழத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம். ஆனால் ஸ்டாப்வாட்சில் விரல் 0.2 நொடி பிந்தினாலே 9.78 வர வேண்டிய விடை 7.6 ஆகிவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகோ அளக்க நேரமே இருக்காது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அந்தக் குளிர்ந்த ஈர வாசனைக்காகவே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி லேபில் அதே முடுக்கத்தை அளக்கத் தனி ஊசல் கிடைத்தது. நூல் காற்றில் அலையக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். ரெக்கார்டு நோட்டில் வியர்வை சொட்டும். அதே விரல்தான், அதே தாமதம்தான். ஆனால் அது 20 அலைவுகளுக்கும் பங்காகிக் கரைந்துவிடும். இவ்வளவு எளிய தந்திரத்தை இன்றும் வியக்கிறேன்.

1821இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் செய்ததும் இதுதான். ஹென்றி கேட்டரின் வடிவமைப்பில் அமைந்த ஊசலை ஆடவிட்டு சென்னையின் ஈர்ப்பை அளந்தார். அதே ஆண்டுகளில் பரங்கிமலையில் சுட்ட பீரங்கியின் சத்தம் வந்துசேரும் நேரத்தைக் குறித்து ஒலியின் வேகத்தையும் கணக்கிட்டார். எங்கள் மின்ரயில் தினமும் கடந்த மலை அது!

இப்போது நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே 9.81. பூமி நடுவில் புடைத்திருப்பதாலும், அங்கே சுழற்சி வேகம் கூடுதல் என்பதாலும் நம் ஊரில் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதே 11 மீட்டரைக் கடக்க அங்கே கல்லுக்கு ஆயிரத்தில் இரண்டு நொடி கூடுதலாகத் தேவை. என் ஊரில் எதுவும் மயிரிழை நிதானமாகத்தான் விழுகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்தக் கிணற்றை மூடி அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அப்பாவின் பெண்டுலக் கடிகாரம் மட்டும் குரோம்பேட்டையில் அக்கா வீட்டில் ஓடுகிறது. எடுத்துப் போகச் சொல்கிறாள். இங்கே மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிடம் முந்தும். குண்டின் அடித்திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். எனக்குத்தான் அதைத் திருப்ப மனம் வரவில்லை.