திரையில் காணாத முகம்

எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலர், ஆண்டு விழாவில் திரையிடுவதற்காகப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்க விரும்பினர். கதையை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தனர். மனச்சிதைவு நோய்க்கு ஆளான ஒருவன் நள்ளிரவில் சிரிக்கிறான். கண்ணாடி முன் நின்று வேறொருவனாக மாறுகிறான். பின்னர்க் கத்தியை எடுக்கிறான்.

"இந்நோயைப் பற்றி எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"படங்களில் பார்த்தோம், ஐயா" என்றனர்.

அப்படங்களையே முதலில் ஆராய்வது என்று முடிவு செய்தோம். நான்கு சனிக்கிழமைகள் கூடிப் பேசினோம். 2001இல் வெளிவந்த 'ஆளவந்தா'னில் மனநலக் காப்பகத்திலிருந்து வெளியேறும் நந்து கொலை செய்கிறான். 2005இல் வெளிவந்த 'அந்நிய'னில் அம்பி ஒருவனே மூன்று ஆளாகிறான். மாணவர்களின் கதைநாயகன் இவ்விருவரையும் சேர்த்துப் பிசைந்து செய்யப்பட்டவன் என்பது விளங்கிற்று.

ஆனால், 'அந்நியன்' பேசுவது மனச்சிதைவை அன்று. பல ஆளுமை என்னும் வேறொரு நிலையை. இக்குழப்பத்திற்குச் சொல்லும் ஒரு காரணம். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908இல் இந்நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்டார். பிளவு, மனம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. ஓர் உடலில் இருவர் வாழ்வது அவர் கருதிய பிளவு அன்று. எண்ணமும் உணர்ச்சியும் புலனறிவும் தம்முள் இசைவை இழப்பதையே அவர் அவ்வாறு குறித்தார்.

நோயாளியைப் பரிவோடு காட்டும் படங்களும் உண்டு. 1994இல் நோபல் பரிசு பெற்ற கணித அறிஞர் ஜான் நாஷின் வாழ்க்கையைச் சொல்லும் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' அவற்றுள் ஒன்று. அதில் நாஷ், இல்லாத ஓர் அறைத்தோழரைக் கண்ணால் காண்கிறார். உண்மையில் நாஷை வருத்தியவை செவியில் ஒலித்த குரல்களும் பிழையான நம்பிக்கைகளுமே. குரலைப் படம்பிடிக்க இயலாதாகையால், திரை அதற்கு ஓர் உருவம் கொடுத்தது.

நாங்கள் சந்தித்த மனநல மருத்துவர் ஒருவர், இந்நோய் பெரும்பாலும் இளமையின் தொடக்கத்தில் தலைகாட்டும் என்றார். நோயுற்றோரில் மிகப்பலர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் வாய்ப்பே அவர்களுக்கு மிகுதி என்றும் விளக்கினார்.

அன்று மாலை எல்லாரும் சென்றபின் ஒரு மாணவி மட்டும் நின்றாள். கதை எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி.

"ஐயா, என் சித்தப்பாவுக்கு இந்த நோய்தான். அவர் யாரையும் அடித்ததில்லை. அவர்தான் எப்போதும் பயந்துகொண்டிருப்பார்."

"முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"சொன்னால் யாரும் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள், ஐயா."

எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை. என் தாய்மாமாவும் அப்படி இருந்தவர்தாம். கிணற்றடியில் அமர்ந்து, யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையசைப்பார். நண்பர்கள் வரும் நாளில், நான் அவரைப் பின்கட்டு அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்திவிடுவேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

'ஆளவந்தான்' வெளிவந்த அதே 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். செய்தியைப் படித்தபோது, சங்கிலியிட்டவர்களை எண்ணிச் சினந்தேன். எங்கள் வீட்டில் சங்கிலி இல்லை, கதவு இருந்தது. அந்தக் கதவை நான் அன்று நினைக்கவில்லை. அம்மாணவி என்முன் நின்றபோதுதான் நினைத்தேன்.

மறு வாரம் அவள் தன் சித்தப்பாவின் இசைவைப் பெற்று வந்தாள். "பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அதை எடுங்கள்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாணவர்கள் பழைய கதையைக் கைவிட்டனர். புதிய படத்தில் கத்தி இல்லை. மருத்துவமனையிலிருந்து மாத்திரைகளோடு திரும்பும் ஒருவர், நகரப் பேருந்தில் அமர்ந்திருக்கிறார். பலர் நின்றுகொண்டிருக்க, அவர் அருகிலுள்ள இடம் காலியாகவே இருக்கிறது. பள்ளிப் பையோடு ஏறும் ஒரு மாணவன் அங்கே அமர்கிறான்; "மணி என்ன, அண்ணா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் கதை. முடிவில், மனநல உதவிக்கான 'டெலி மானஸ்' எண் 14416 திரையில் தோன்றும்.

விழாவில் கைதட்டல் குறைவாகவே எழுந்தது. அந்த மாணவி தன் சித்தப்பாவை அழைத்து வந்திருந்தாள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவரருகே ஓர் இருக்கை காலியாக இருந்தது. நான் சென்று அதில் அமர்ந்தேன்.