மெனு கார்டு இல்லாத மதியம்

ஜூன் 7, 2025, சனி

பக்ரீத். மண்ணடி முழுக்க பிரியாணி வாசனை, எங்கள் துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீசுக்குப் பூட்டு. காலையிலேயே மச்சான் போன். "மாமா, சும்மாதானே கீறீங்க? கீழ்ப்பாக்கம் வாங்க. எங்க கொரியாம்மா கடையில சாப்ட்டுப் போலாம்."

மச்சான் காசிமேட்டுப் பிள்ளை. அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவர்கள். இவன் ஸ்டியரிங் பிடித்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கொரிய இன்ஜினீயர் ஒருவருக்கு வண்டி ஓட்டுகிறான். இன்ஜினீயர் குடும்பம் சாப்பிட்டு வரும்வரை இந்தக் கடை வாசலில் நிற்பது அவன் வேலையில் ஒரு பகுதி. ஒருநாள் கடைக்கார அம்மாவே வெளியே வந்து, வெயிலில் நிற்கிற டிரைவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாராம். அப்படித்தான் மதியச் சாப்பாடு ஆரம்பித்தது.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கினேன். பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளம், ஐந்து மேசை. இரவில் கொரியக் குடும்பங்கள் வந்து மேசையிலேயே அடுப்பு வைத்துப் பன்றிக்கறி சுடுவார்கள். அந்த பில் நமக்குக் கட்டாது. மதியத்தின் கணக்கு வேறு. ஒரே சாப்பாடு, இருநூறு ரூபாய், மெனு கார்டு கிடையாது. அந்த அம்மா அன்றைக்கு என்ன சமைத்தாரோ அதுதான்.

இன்று வந்தவை: மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பிசுபிசுப்பான சோறு. புளித்த சோயா விழுதைக் கரைத்து, பூசணியும் டோஃபுவும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வந்த குழம்பு. சுற்றிலும் சின்னத் தட்டுகளில் கோஸைப் புளிக்கவைத்த கிம்ச்சி, எள்ளெண்ணெயில் புரட்டிய முளைப்பயறு, முட்டைச் சுருள், இனிப்பும் சோயாவும் பூசி வறுத்த நெத்திலிக் கருவாடு. தட்டு காலியானால் கேட்காமலே மறுபடி வைக்கிறார்கள், அதற்குக் காசு இல்லை. குடிக்க பார்லி தண்ணீர், வறுத்த வாசனையோடு.

குச்சி தட்டையான இரும்பு, விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. நல்லவேளை, சோற்றுக்கும் குழம்புக்கும் அவர்களே ஸ்பூன்தான் பிடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு கடலூர் டிரைவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். நெத்திலியில் சர்க்கரை என்றதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நெத்திலிக்கு இன்னா பாவம் பண்ணோம்?"

ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது விடியாது. ஆனால் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டியே கிடக்கின்றன. கரையோரம் ஓடும் ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டதால் அதன் பக்கம் திரும்பவே இல்லை. கவலை மீன் வாங்கிவந்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள்.

எண்ணூர் கழிமுகத்து இறாலை 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியதிலிருந்து அவள் தொடுவதே இல்லை. விற்கிற பெண்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிற நாள், வீட்டில் சைவம்.

வேலைக்கு நடுவே துறைமுகத்துக்குள் போக வேண்டியிருந்தது. கார் ஏற்றும் கப்பல் நின்றிருந்தது. ஜன்னல் இல்லாத கட்டடத்தைக் கடலில் மிதக்கவிட்ட மாதிரி. டிரைவர்கள் வரிசையாகக் கார்களை உள்ளே ஓட்டிவிட்டு, ஒரே வேனில் திரும்பி வந்து அடுத்த வரிசையை எடுக்கிறார்கள். ஹூண்டாய் 1996இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998இல் சான்ட்ரோ வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், அவற்றோடு இன்ஜினீயர்கள், அவர்கள் குடும்பங்கள், அப்புறம் அவர்களுக்குச் சோறு போட ஆட்கள். கார் எங்கள் வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. சமையல் மட்டும் கீழ்ப்பாக்கத்தோடும் ஸ்ரீபெரும்புதூரோடும் நின்றுவிட்டது.

கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் ராயபுரத்தில் குடியிருந்த காலத்து என் அம்மா நினைவு. வெள்ளை வேட்டி காயப்போட முடியாது, நிலக்கரித் தூள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. கரி எண்ணூருக்குப் போனது. எங்கள் கொடித்துணி வெளுத்தது, எண்ணூர்க்காரர்களின் கொடித்துணி கறுத்தது. அதை யாரும் தீர்வு என்று சொல்லாமல் இருந்தால் சரி.

திரும்பும்போது கடற்கரை ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டேன். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த தீனி, இன்றைக்கு வடசென்னைப் பையன்களுக்கு அது சொந்த ஊர்ச் சாப்பாடு. கொரியச் சாப்பாட்டுக்கு அந்த இடம் கிடைக்குமா? தோன்றவில்லை. அகதி போட்ட கடை தெருவில் நின்றது. கம்பெனியோடு வந்தவர் கடைக்கு ஏசி வேண்டும். டிரைவர்களுக்கு அந்த அம்மா போடும் மதியச் சோறு மட்டும்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஜூன் 11, புதன்

கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு கையெழுத்து வேலை. அதைச் சாக்காக வைத்துத் தனியாகவே போய்விட்டேன். இன்று பன்றிக்கறியும் கிம்ச்சியும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. கிம்ச்சி நன்றாகவே புளித்திருந்தது. சென்னை வெயிலில் வெளியே வைத்தால் இரண்டே நாளில் இப்படி ஆகிவிடும், அதனால் குழம்புக்குத் தள்ளிவிட்டேன் என்றார் அந்த அம்மா. தமிழும் இங்கிலீஷும் சைகையும் கலந்து பேசுகிறார். அறுபது வயதிருக்கும். வெட்டுப் பலகையை விட்டு வரும்போதும் கத்தி கையிலேயே இருக்கிறது.

கிம்ச்சியில் உப்பில் ஊறிய குட்டி இறாலும் நெத்திலியைப் புளிக்கவைத்த சாறும் சேருமாம். மிளகாயோ அவர்களுக்கும் வந்த சரக்குதான். நமக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து கொடுத்ததுபோல, அங்கே 16ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் அவர்கள் கிம்ச்சியும் நம் குழம்பும் சிவப்பே இல்லாமல் இருந்திருக்கும்.

காசிமேடு என்றதும் அவர் முகம் மாறியது. போனை எடுத்து ஒரு படம் காட்டினார். நீளமாக, வெள்ளித் தகடு மாதிரி. சாவாளை! கொரியாவில் ஜேஜு தீவுப் பக்கம் பிடிபடும் சாவாளைக்குப் பெரிய பெயர், விலையும் அப்படி. இங்கே அதை ஐஸ் கட்டியாக உறையவைத்துச் சீனாவுக்குக் கன்டெய்னர் ஏற்றுகிறார்கள்; எங்கள் ஆபீசிலேயே அந்தக் காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் கருவாடாகிறது. வாளைக் கருவாடு இல்லாத வீடு எங்கள் பக்கம் உண்டா? அந்த அம்மா சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில்தான் மீன் வாங்குகிறார். தடைக்காலத்தில் சாவாளை அதிகம் கண்ணில் படவில்லை, பட்ட மீனும் வயிறு வெடித்தது என்றார்.

சமையல்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டுச் சாப்பிடுவது இப்போது பெரிய ஓட்டல்களில் நாகரிகம், தலைக்கு ஆயிரக்கணக்கில் பில். இந்த அம்மாவின் இஷ்டம் எவ்வளவு என்று இன்று பார்த்தேன். கோஸ் புளித்தது, மீன் வரவில்லை, பன்றிக்கறி இருந்தது. மிச்சம்தான் அவர் இஷ்டம். எங்கள் வீட்டிலும் ஏலத்தில் எது மலிந்ததோ அதுதான் குழம்பு, என்ன குழம்பு வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. இருநூறு ரூபாய்க்கு மேல் வாங்குகிற கடையில் எனக்கு இந்தப் பொறுமை இருக்காது. ஐந்நூறு கொடுத்தால், இது ஏன் இல்லை என்று கேட்டுவிடுவேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் காசிமேடு. நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் பார்களை உடைத்துக் கிடங்குக்குள் தள்ளுகிறார்கள், டீசல் கேன்கள், தண்ணீர், அரிசி மூட்டை, காய்கறி. புதுப் பெயின்ட் வாசனை டீசல் வாசனையை அமுக்கிவிட்டது. மச்சான் தன் சித்தப்பா படகில் ஏறி வலையைத் தூக்கிக் கொடுத்தான். "காரு ஓட்றவன் கையி பாரு, வெண்ணெ மாதிரி கீது" என்று சித்தப்பா கிண்டல் செய்தார்.

சித்தப்பாவிடம் சாவாளை சொல்லிவைத்தேன். "சாவாளையா? அத்தப் போயி எவன் சொல்லிவெச்சு வாங்குவான்?"

இரவு மகள் ஒரு சேதி சொன்னாள். 2024இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த கொரியச் சமையல் போட்டி ஒன்றில் ஓர் அம்மா கலந்துகொண்டாராம். மார்க்கெட்டில் நூடுல்ஸ் கடை, இரவில் மெனு இல்லாமல் தானாகவே சமைத்துப் போடும் சின்னக் கடை. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் நடுவில் துளிக்கூட அசரவில்லையாம். சியோலில் டாக்ஸி டிரைவர்களுக்கென்றே மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, ஒரு தட்டில் குழம்பு, சோறு, தொட்டுக்கொள்ளச் சிலது, சட்டென்று வந்துவிடும் என்றும் சொன்னாள். அப்படியானால் கீழ்ப்பாக்கத்து அம்மா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தன் ஊர் வழக்கத்தை இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

மீன் வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கே மனைவி காசிமேட்டில். ஏலக் கூடையில் கையைவிட்டு வயிறு அமுக்கிப் பார்த்துச் சாவாளை எடுத்தாள். கண் தெளிவு, தோல் உரியாத வெள்ளி. தலையையும் வாலையும் வெட்டாமல், ஐஸ் போட்டு, மச்சான் காரின் டிக்கியில் அனுப்பினாள். முதலாளி வண்டியில் மீன் வாசனை அடித்ததா என்று நான் கேட்கவில்லை.

மதியம் மச்சான் போட்டோ அனுப்பினான். அடியில் கட்டை விரல் தடிமனுக்கு முள்ளங்கி, அதன் மேல் சாவாளைத் துண்டுகள், மிளகாய்த் தூளும் பூண்டும் சோயாவும் கலந்த சாறு வற்ற வற்றக் கொதித்தது. டிரைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். முள் என்று பயந்தவர் ஒரு கட்சி, பயப்படாதவர் இன்னொரு கட்சி. அந்த அம்மா ஒவ்வொரு மேசையாகப் போய், துண்டின் இரு விளிம்பிலும் வரிசையாக நிற்கும் சிறு முள்ளைக் குச்சியால் சீவி எடுத்து, சதையை நடு முள்ளிலிருந்து தனியாக வழித்துக் காட்டினாராம். "அக்கா கையால பண்றத அவங்க குச்சியால பண்றாங்க மாமா."

மீனுக்குக் காசு கொடுத்தனுப்பினார். மனைவி வாங்கிக்கொண்டாள். வியாபாரம் வியாபாரம்தானே.

ஜூன் 21, சனி

கடைசியில் மனைவியே கடைக்கு வந்தாள். மகளும் மச்சானும் கூட. சாவாளை அனுப்பியது அவள்தான் என்று தெரிந்ததும் அந்த அம்மா சமையலறைக்குள்ளேயே கூட்டிப் போய்விட்டார்.

உள்ளே இருவருக்கும் சண்டை மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் விஷயம் சாவாளையின் வெள்ளித் தோல். மனைவி கல் உப்புப் போட்டு அந்த வெள்ளியை உரசி எடுத்துவிட வேண்டும் என்கிறாள், இல்லாவிட்டால் கவிச்சி. அந்த அம்மாவோ வெள்ளி இருந்தால்தான் மீன் புதிது என்று சாப்பிடுகிறவனுக்குத் தெரியும், ஏன் எடுக்க வேண்டும் என்கிறார். ஒருத்தி மொழி மற்றவளுக்குத் தெரியாது. கையில் மீனை வைத்துக்கொண்டே வழக்காடினார்கள். கடைசியில் பாதித் துண்டுகள் உரசியவை, பாதி உரசாதவை, ஒரே சட்டியில்.

சாப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொல்ல அங்கே தைரியமும் இல்லை.

சோற்றை மனைவி கையால்தான் பிசைந்தாள். "கொழஞ்சு போயிருக்கு" என்று முதலில் முகம் சுளித்தவள், சாறு ஊறிய முள்ளங்கியைத் தின்ற பிறகு பேசாமல் சாப்பிட்டாள். புளி இல்லாத மீன் சாறு எப்படி நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. முள்ளங்கியும் சோயாவும் அந்த வேலையைச் செய்கின்றன என்று நான் சொன்னதற்கு, "நீங்க சும்மா இருங்க" என்றாள். நெத்திலி வறுவலை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

பில் எழுதும்போது அந்த அம்மா எங்கள் மேசைக்கு ஒரு சாப்பாட்டைக் குறைத்தார். மனைவி ஒத்துக்கொள்ளாமல் முழுக் காசும் வைத்துவிட்டு வந்தாள். மெட்ரோவில் கணக்குப் போட்டாள்: எண்ணூறு ரூபாய்க்குக் காசிமேட்டில் எவ்வளவு கடம்பா வரும், எவ்வளவு நண்டு வரும். சென்ட்ரலில் மாறும்போது மச்சானிடம், "அந்த அம்மா அடுத்த வாரம் கடம்பா காரமா செய்யுமாம். சின்னதா, உடம்பு வெளுக்காததா பாத்து எடுக்கணும். செவ்வாக்கெழம காலம்பற அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்துனு வந்துரு, ஐஸ் டப்பாவ மறந்துறாத" என்றாள்.